இருபத்து நான்கு பல் சக்கரம்

நாமக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கணவர் கணக்கு வாத்தியார். ஐம்பதை நெருங்கும்போது எங்கள் இருவருக்கும் சைக்கிளில் ஊர் சுற்றும் ஆசை வந்தது. கூடாரம், அடுப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் கேரியரின் இரு பக்கமும் பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு நாலைந்து நாள் போய் வருவது. சைக்கிள் வாங்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தன, ஆனால் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கென்று செய்தவை. பெடல் பக்கம் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் சின்னதற்கே முப்பத்து நான்கு பல். பின்சக்கரத்தில் இருப்பவற்றில் பெரியதற்கு இருபத்தெட்டு. இருப்பதிலேயே லேசான கியரில் போட்டாலும், பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் மேலே உருண்டாக வேண்டும். சமதளமான சேந்தமங்கலம் ரோட்டில் அது சுகம். மலையில் அது தண்டனை.

கொல்லிமலைக்குப் போன முதல் முறை, காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் என் முழங்கால் நின்றுவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, மூச்சைப் பிடித்து மிதிக்கச் சொன்னார். கியர் சரியில்லை என்றேன். பழக்கம் போதாது என்றார். அதோடு நிற்காமல், கொஞ்சம் உடம்பைக் குறைத்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

பதினான்காம் வளைவு வரை தள்ளிக்கொண்டே போனேன். அங்கே மரவள்ளி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா, என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கியர் வண்டிங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏனுங்க தள்ளிட்டு வாரீங்க?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. முன்னால் போனவரைக் கூப்பிட்டேன். அன்று அங்கிருந்தே இறங்கிவிட்டோம். என் மருந்துக்கடைக்கு வந்ததும் வாசலில் இருக்கும் எடை மெஷினில் பைகளை வைத்துப் பார்த்தேன். என் பைகள் அவருடையதைவிட நாலு கிலோ கூட. அடுப்பும் அரிசியும் என்னிடம் இருந்தன.

அடுத்த ஞாயிறு சேலத்தில் சைக்கிள் கடைக்குப் போனோம். கேள்வி கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் அவரிடம். "மேடத்துக்கு மோட்டார் வெச்ச சைக்கிளா பார்த்துரலாமுங்க" என்றார். எனக்கு மோட்டார் வேண்டாம். பெடல் பக்கம் இருபத்து நான்கு பல், பின்னால் முப்பத்து நான்கு பல். அதற்கேற்ற நீளத்தில் செயின், அந்தப் பெரிய சக்கரத்துக்குச் செயினைத் தூக்கிவிடக்கூடிய உறுப்பு. எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாக உருண்டால் போதும். வகுத்துப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். என் வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு விளங்கவில்லை.

"அவ்வளவு சின்னதாப் போட்டா நடக்கிற வேகத்துலதான் போவ" என்றார்.

"நடக்கிற வேகத்துலயாவது உக்காந்துட்டுப் போறேனுங்க."

என் சைக்கிளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். தன் சைக்கிளில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். சமதளத்தில் வேகம் போய்விடுமாம். பின்னால் சோற்றுப் பானையைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்த மனிதர் யாரை முந்தப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் முறை, பைகளை நிறுத்துச் சமமாகப் பிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏற்றம் தொடங்கியதும் சின்னச் சக்கரத்துக்கு மாற்றினேன். கால்கள் சுற்றின, சைக்கிள் நகர்ந்தது. அவ்வளவுதான். லாரிகள் முந்தின, பஸ் முந்தியது, ஒரு நாய்கூட முந்தியது. மூச்சு வாங்கவில்லை. இருபத்தோராம் வளைவில் அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சட்டையை விசிறிக்கொண்டிருந்தார். நிற்கச் சொன்னார். நான் நிற்காமல் போனேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

முப்பதாம் வளைவில் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். என் டயர் புதிது, அதனால்தான் சுலபமாக ஏறுகிறது என்றார். பொறுமை போய்விட்டது. நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்று சைக்கிளைக் கொடுத்தேன். இருவரும் ஒரே உயரம், சீட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஏறி உட்கார்ந்தவர் அடுத்த வளைவில் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. தலைக்கு மேலே இருந்த ரோட்டில் அவர் முதுகு தெரிந்தது, அதற்கும் மேலே இன்னொரு முறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. அவர் சைக்கிளை, எந்த கியரால் என் முழங்கால் போனதோ அதே கியர் சைக்கிளை, மீதி நாற்பது வளைவுகளும் தள்ளினேன்.

மேலே டீக்கடையில் இரண்டாவது டம்ளர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "தப்பு என்னுதுதான். நிறுத்தவே மனசு வரல கண்ணு" என்றார்.

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? எனக்கும் ஒரு டீ சொன்னார். பிறகு கடைக்கு வெளியே நின்று சேலத்துக்கு போன் செய்தார். "லோடு வண்டிக்கு முன்னாடி இருபத்தி நாலு, பின்னாடி முப்பத்தி நாலு. அதாங்க கரெக்ட்டு. நான் ஓட்டிப் பார்த்துட்டேன்" என்று தானே கண்டுபிடித்தவர் போல விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் என் பக்கம் திரும்பி, செயின் எத்தனை கண்ணி என்று கேட்டார். சொன்னேன்.

மலைமேலேயே இருக்கும் அரியூர் நாட்டுக்குப் போகும் ரோடு ஏறியும் இறங்கியும் போகும். என் சைக்கிளில் நான்தான் போனேன். ஏற்றம் வரும்போதெல்லாம் பின்னால் அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளும் சத்தம் கேட்டது.