முதல் தண்ணீருக்கு வைத்திருந்த பூ

எங்கள் ஊர் கடைமடை. காவிரியில் தண்ணீர் திறந்தால் மற்ற ஊர்களெல்லாம் பாய்ச்சிய பிறகுதான் எங்கள் வயலுக்கு வரும். இந்த வருஷம் வாய்க்காலைத் தூர்வார யாரும் வரவில்லை. மனுக் கொடுத்து அலுத்துப்போய், நாங்களே இடுப்பளவு சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை அறுத்துப் போட்டோம்.

தண்ணீர் வந்த அன்று சித்தப்பா வழக்கம்போல ஒரு தட்டில் பூவும் விதைநெல்லும் கொண்டுவந்தார். முதல் தண்ணீரில் அதைத் தூவிக் கும்பிட்ட பிறகுதான் இங்கே வயலுக்கு மடை திறப்போம். அந்த நேரம் பார்த்து எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் கார் கரையில் வந்து நின்றது. சித்தப்பா தட்டோடு நேரே அவரிடம் போய், அத்தனை பூவையும் அவர் காலடியில் கொட்டினார்.

“எங்களுக்குத் தண்ணி குடுத்த சாமி நீங்க.”

அவர் பதறி விலகுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. கூட வந்தவர் செல்போனைப் பார்த்துவிட்டு, “போட்டோ சரியா விழலை, இன்னொரு தடவை போடுங்க” என்றார். சித்தப்பா குனிந்து சேற்றிலிருந்து பூவைப் பொறுக்கினார். வாய்க்காலில் தண்ணீர் ஒரு பூகூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கார் போன பிறகு கத்தினேன். “தண்ணி விடுறது அவங்க வேலை சித்தப்பா. நாம ஓட்டுப் போட்டு வச்ச ஆளு அவரு. ஏன் தூர்வாரலைன்னு கேக்காம கால்ல பூவைக் கொட்டுறீங்களே.”

சித்தப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

“கேக்கத்தானே மனுவோட அவரு வீட்டுக்குப் போனேன். வாசலைத் தாண்ட விடலை. இன்னிக்குத்தான் என் பேரைக் கேட்டாரு.”