கல்லாவில் உட்கார்ந்து கோட்டையை இழந்தவன்

லாரி ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தில், வருகிறவர் கேட்கும் சாமானைத் தவிர மற்றதெல்லாம் கடையில் இருக்கும். ராஜாவாக இருப்பதிலும் அதே கதைதான்.

நாமக்கல் பைபாஸ் ஓரமாக எனக்கு ஒரு கடை இருக்கிறது. அது போக, செல்போனில் ஒரு ராஜ்ஜியமும் இருக்கிறது. கோட்டை கட்டி, வயல் உழுது, படை திரட்டி, அடுத்தவன் நாட்டைப் பிடிக்கிற விளையாட்டு. எதிரே ஆடுகிறவர்கள் எல்லாரும் நிஜ மனிதர்கள். நாம் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டாலும் நம் கோட்டை அங்கேயே நிற்கும். வருகிறவன் வந்து அடித்துவிட்டுப் போவான். புதிதாக முடிசூடியிருக்கும் சக அரசர்களே, நான் பட்டதை நீங்களும் படத்தான் போகிறீர்கள். கூடப் பட்டவன் ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தோட்டக்கலை

என்னை ராஜாவாக்கியது குமரேசன். எங்கள் கடையில் பல வருஷமாகச் சாமான் வாங்கும் லாரி டிரைவர். வண்டிக்குப் புது பாடி கட்டப் பட்டறையில் விட்டிருந்தார். வேலை முடிகிறவரை போக்கிடம் இல்லாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு ராஜ்ஜியம் ஆளுங்ணா” என்று என் போனில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு, வண்டி தயாரானதும் லோடு ஏற்றப் போய்விட்டார்.

நான் என் நாட்டுக்குத் தங்கபுரி என்று பெயர் வைத்தேன். என் பெயர் தங்கவேலு; வேறெதுவும் தோன்றவில்லை. ஆரம்பத்தில் விளையாட்டுக்காரர்கள் கல்லும் மரமும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மதில் கட்டவும் படைவீடு கட்டவும் அதைக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீரூற்று வைத்தேன். மயில் சிலை வைத்தேன். கோட்டை வாசலிலிருந்து அரண்மனை வரை இரண்டு பக்கமும் பூச்செடி வைத்துக் கொடி கட்டினேன். கையிருப்புக் கல் எல்லாம் தீர்ந்ததும், என் மனைவி சுதாவிடம் பெருமையாகப் போனை நீட்டினேன். அவள் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, நன்றாகப் பார்த்தாள்.

“ஏனுங்க, கல்யாண மண்டபம் நல்லாத்தான் இருக்குது, சமையக்கட்டு எங்கீங்க?”

திறந்த வாசல்

புது ராஜாக்களுக்குத் தொடக்கத்தில் சில நாள் ஷீல்டு உண்டு. கோட்டையைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு குமிழி நிற்கும். அது இருக்கிறவரை யாரும் நம்மை அடிக்க முடியாது. அந்த நாட்களில் அடக்கமாக உட்கார்ந்து வயலையும் மதிலையும் கட்ட வேண்டும். எனக்கு அடக்கம் வரவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டை தெரிந்தது. ஆள் விளையாட்டை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். என்னிடம் இருந்த கொஞ்ச நஞ்ச வீரர்களை அனுப்பி அதை அடித்தேன். ஜெயித்தேன்! ஓரிரு மூட்டை தானியம் கிடைத்தது. கடை ஊழியர் முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர். “செரிங்க மொதலாளி” என்று போய்விட்டார்.

அப்புறம் ஒருவர் வீல் பேரிங் கேட்டு வந்தார். ரேக்கிலிருந்து பேரிங்கை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்தால், நீலக் குமிழியைக் காணோம். களஞ்சியத்தில் தானியம் இல்லை. மயில் சிலைக்குப் பக்கத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. நாம் ஒருவரை அடித்த நிமிஷமே நம் ஷீல்டு உடைந்துவிடுமாம். குமரேசனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவர் எங்கோ டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்ணா, நம்ம ஊட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டா அடுத்தவன் ஊட்டுக்குத் திருடப் போவாங்க?”

படைக்குச் சோறு

தோற்ற ராஜாவுக்கு ரோஷம் வரும். மயில் சிலையைக் கழற்றிவிட்டுப் படைவீடாகக் கட்டித் தள்ளினேன். வில்லாளி, ஈட்டிக்காரன், குதிரைக்காரன் என்று கோட்டைக்குள் கால் வைக்க இடமில்லை. வயல் மட்டும் முன்பு இருந்தது போலவே ஓரத்தில் துண்டாகக் கிடந்தது. வீரர்கள் சாப்பிடுவார்கள் என்பது என் கணக்கிலேயே இல்லை. தானியம் தீர்ந்ததும் அவர்கள் சாரிசாரியாகக் கோட்டையை விட்டு வெளியேற ஆரம்பித்தார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டு அதைப் பார்த்தேன்.

“முருகேசண்ணா, சோறில்லாம என்ற ஆளுக எல்லாம் ஓடறாங்க” என்றேன். அவர் பிரேக் லைனிங் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம் போய் வெகு நேரமாகியிருந்தது.

“அவிங்களுக்கு ஓட எடமிருக்குதுங்க மொதலாளி, நான் எங்கீங்க ஓடறது?”

மருதாணி

வயல் போட்டேன். விளைந்தது. விளைந்ததை யாரோ கொண்டுபோனார்கள். களஞ்சியத்துக்குள் அடங்குகிற தானியத்தை எதிரி தொட முடியாது. நிரம்பி வெளியே வழிவதைத்தான் அள்ள முடியும். எனக்குக் களஞ்சியம் சின்னது, வழிவது அதிகம். தினமும் காலையில், நான் கடை ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு படை வந்து, வழிந்ததை வழித்து எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கோட்டையின் பெயர் மருதாணி. பெயர்தான் அப்படி. மீசையை முறுக்கிக்கொண்டு, தொடையைத் தட்டிச் சிரிக்கிற முரட்டு ஆள் ஒருவனைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினேன்: “மறைந்திருந்து திருடுவது வீரமல்ல. ஆம்பளையாக இருந்தால் நேரில் வா. தங்கபுரி வேந்தன்.” பதில் வரவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ராசிபுரத்திலிருந்து சாரதாக்கா வந்தார். நெய் வியாபாரம். சொந்தமாக இரண்டு மினி லாரி வைத்திருக்கிறார். எதற்கும் ஆளை அனுப்பாமல் தானே வந்து சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். நான் போனைக் கல்லா மேல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுரி என்ற பெயர் மேலே பொன் எழுத்தில் மின்னியது. அவர் தண்ணீரை வாங்கி நிதானமாகக் குடித்தார். டம்ளரை வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

“ஆம்பளையா வர முடியலீங்க தம்பி, நேர்ல மட்டும் வந்திருக்கறேன், கிளட்ச் பிளேட் இருக்குதுங்களா?”

உளவு

கிளட்ச் பிளேட்டோடு அக்கா என்னையும் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். ஒரு கோட்டையை அடித்தால் மற்றவர்கள் படை அனுப்பிக் காப்பாற்றுவதுதான் கூட்டணி. குமரேசனும் அதில்தான் இருந்தார். எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். தனியாக ஆடுகிற புது ராஜா மூன்று மாசம் தாங்க மாட்டான் என்பது அக்காவின் கருத்து. நான் தாங்கியதே தன் கருணையால்தான் என்றும் சொன்னார். தினமும் அள்ளினாலும், கோட்டையை எரிக்காமல் விட்டு வைத்திருந்தாராம்.

சேர்ந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தேன். ஆற்றங்கரையோரம் சத்தமில்லாமல் ஒரு கோட்டை இருந்தது. மதில்கூடப் பழசாகத் தெரிந்தது. உள்ளே யார், எத்தனை பேர் என்று ஒற்றன் அனுப்பிப் பார்க்கலாம். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? முழுப் படையையும் அனுப்பினேன். உள்ளே ஒரு பெரிய கூட்டணியின் படைகள் எல்லாம் தங்கியிருந்தன. என் ஆட்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு என் வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை. அந்தப் பெரிய கூட்டணிக்குக் கோபம் வந்து, எங்கள் எல்லார் மேலும் போர் என்று அறிவித்தது. அக்கா போனில் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

“ஒரு பழைய வண்டி வாங்கறதுன்னாலும் அடியில படுத்துப் பாத்துட்டுத்தானுங்க தம்பி வாங்குவோம்?”

யாழினி கோட்டை

அந்தப் போரில் முதல் அடி எனக்கு விழுந்திருந்தால் நியாயம். விழுந்தது குமரேசனுக்கு.

அவர் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு குவஹாத்திப் பக்கம் போயிருந்தார். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது, விலைக்கு வாங்கிப் போட்ட ஷீல்டும் முடிந்துவிடும், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் கோட்டைக்கு மகள் பெயர், யாழினி. மாசத்தில் முக்கால்வாசி நாள் அவர் வீட்டில் இருப்பதில்லை. சாயங்காலம் வண்டியை ஓரம் கட்டியதும் வீடியோவில் மகளோடு பேசுவார். எந்தக் கொடி, எந்த இடத்தில் குதிரை லாயம் என்று அந்தப் பெண் குழந்தை சொல்லும், இவர் கட்டுவார். எங்களில் பூச்செடி வைத்தும் உருப்பட்ட கோட்டை அது ஒன்றுதான்.

ஒரு முற்பகலில் எதிரிப் படைகள் யாழினி கோட்டையை நோக்கிக் கிளம்பின. எல்லாரும் உதவிக்கு அனுப்புங்கள் என்று அக்கா தகவல் போட்டார். இது என்னால் வந்த வினை. இருந்த படை அத்தனையையும் தட்டித் தட்டிச் சேர்த்தேன். குதிரை, வில், ஈட்டி, போதாததற்கு மதிலை உடைக்கிற கல்லெறி வண்டிகளையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்தேன். ஒரு படை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதில் மெதுவாக நகர்வது எதுவோ அதன் வேகத்தில்தான் மொத்தமும் நகரும். கல்லெறி வண்டி ஆமை. குதிரைகள் எல்லாம் அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தன. திருப்பி அழைத்து மறுபடி அனுப்பலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

குமரேசன் நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஒருவர் ஏர் ஃபில்டர் கேட்டதற்கு ஆயில் ஃபில்டரைக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே யாழினி கோட்டை எரிந்தது. லாயம், கொடி எல்லாம். அக்காவின் படை உள்ளே நின்று முழுக்க அழிந்தது. எல்லாம் முடிந்து எதிரி வீட்டுக்குப் போன பிறகு, தங்கபுரிப் படை கல்லெறி வண்டியைத் தள்ளிக்கொண்டு, முரசு கொட்டியபடி புகைக்குள் நுழைந்தது.

குமரேசன் ஊர் திரும்பியதும் கடைக்கு வந்தார். வண்டியை நிறுத்துகிற சத்தத்திலேயே அவர் என்று தெரிந்துவிட்டது. நான் ரேக்குக்குப் பின்னால் போய் ஏதோ தேடுகிற மாதிரி நின்றேன். அவர் நேராக அங்கேயே வந்தார். முகம் வாடியிருந்தது. குழந்தைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒரு நாள் முச்சூடும் பேசலீங்ணா. அப்பறம் மறுக்காக் கட்டலாம், இந்தத் தடவ லாயம் பெருசா வேணும்னுட்டா” என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

“நீங்க வந்ததே பெருசுங்ணா, அடுத்தவாட்டி மட்டும் சண்டைக்கு வாங்க, எழவுக்கு வராதீங்க.”

ஃபேன் பெல்ட்

யாழினி கோட்டையை எல்லாரும் சேர்ந்து கட்டினோம். நான் தானியமும் மரமும் வண்டி வண்டியாக அனுப்பினேன். லாயம் பெரிதாகவே எழும்பியது. கட்டி முடித்துக் கொடி ஏற்றிய சூட்டோடு, எதிரி மறுபடி வந்தான். குமரேசன் இந்த முறை நாக்பூர் போகிற ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் கல்லெறி வண்டியைத் தொடவில்லை. ஒற்றனை அனுப்பி, வருகிற படை எவ்வளவு என்று பார்த்தேன். குதிரைகளை மட்டும் பிரித்து ஓட விட்டேன். கூட்டணியிலேயே என் படைதான் முதலில் உள்ளே நுழைந்தது; எதிரி வாசலுக்கு வருவதற்குச் சற்று முன்னால். எண்ணிக்கையில் நாங்கள் ஒன்றுமே இல்லை. மதில் சரியச் சரிய என் குதிரைகள் குறைந்துகொண்டே வந்தன. இனி முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மருதாணியின் படை உள்ளே வந்திருந்தது. பின்னாலேயே மற்றவர்களும். எதிரி பின்வாங்கினான். ஒரு கொடிகூடச் சாயவில்லை. என் குதிரைகளில் மிஞ்சியவற்றை ஒரு சின்ன லாயத்தில் கட்டிவிடலாம். ஆளில்லாமல் கிடந்த தங்கபுரியை அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் புகுந்து துடைத்துக்கொண்டும் போயிருந்தான். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. கல்லாவிலிருந்து எழுந்து, “ஜெயிச்சுட்டோம்! கோட்டை நிக்குது!” என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டேன். கண்ணில் நீர் வேறு.

முருகேசன் ஏணி மேலிருந்து எட்டிப் பார்த்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் அறுந்த பெல்ட். பொறுமையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ரொம்ப சந்தோசமுங்க, வண்டி நடுரோட்டுல நிக்குது, அப்படியே அந்த ஃபேன் பெல்ட்டையும் ஜெயிச்சுக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பறேன்.”

நான் கண்டுகொண்ட போர்த் தந்திரம் இவ்வளவுதான்: எவ்வளவு உயரமாக மதில் கட்டினாலும், நம்மை உரிமையோடு திட்டுகிறவர்கள் நாலு பேர் படை நடக்கிற தூரத்தில் இல்லையென்றால், ராஜாவாக இருப்பதைவிட ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பது உத்தமம்.