எதுவீனா இழுத்த வீடு

எதுவீனா நவெல்கின் கையில் கோயில் சாவி வந்தபோது, சிலோயே தீவின் அந்தக் கரையில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். சாமியார் வருடத்துக்கு இரண்டே முறை படகில் வருவார். மற்ற நாளெல்லாம் செபமாலை சொல்வதும் செத்தவரை அடக்கம் செய்வதும் சாவி வைத்திருக்கும் ஊர்க்காரரான பிஸ்காலின் பொறுப்பு. அதுவரை பிஸ்கால் எல்லாரும் ஆண்கள். முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவார்கள். கோயிலைக் கூட்டியது என்னவோ எதுவீனாதான். சாவி கிடைத்த பிறகும் அவளேதான் கூட்டினாள்.

"பண்டிகைக்குப் பாத்திரம் கழுவுறவ கையில கோயில் சாவியா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டவர் தகோபெர்த்தோ பார்ரியா. மனைவியை இழந்தவர், எழுபதை நெருங்கியவர், வீம்புக்குப் பேர் போனவர். அன்றிலிருந்து எதிரே அவள் வந்தால் வேலியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

அவருடைய மரவீடு கடலோரத்தில் இருந்தது. அலை கரையைத் தின்று தின்று, அடுக்களைச் சுவருக்கு நான்கு முழம் வரை வந்துவிட்டது. குளிர்காலப் புயல் ஒன்று போதும், வீடு போய்விடும். எங்கள் பக்கத்தில் இப்படி ஆனால் வீட்டை இடிக்க மாட்டோம். அடியில் மரம் கொடுத்து, எருதுகளைப் பூட்டி, அப்படியே வேறு இடத்துக்கு இழுத்துப் போவோம். கூலி கிடையாது. ஆனால் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி வாசல் வாசலாகக் கெஞ்ச வேண்டும். வந்தவர்களுக்கு வயிறாரப் போட வேண்டும். கெஞ்சலை பிஸ்கால் வீட்டில்தான் தொடங்குவது வழக்கம். தகோபெர்த்தோவுக்கு அங்கேதான் இடித்தது. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

பெரிய வியாழனன்று, ஆண்டவரே குனிந்து சீடர்களின் பாதம் கழுவும் வாசகத்தை எதுவீனா வாசித்தாள். கடைசி பெஞ்சில் அவர் வேண்டுமென்றே இருமிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கணவன் ஹெர்மினியோவிடம் பொரிந்து தள்ளினாள்.

"அந்த ஆளு வீட்டோட கடல்ல போகட்டும்!"

"போகட்டும்னா எதுக்கு அழுவுற?"

"வாசிச்சது நானாச்சே! வாசிச்சிட்டு எப்படிங்க சும்மா இருக்கறது?"

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மறுநாள், கணவனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் கிளம்பினாள். ஒவ்வொரு வாசலிலும் தலைத்துணியை எடுத்துவிட்டு நின்றாள்.

"ஒரு வீடு இழுக்கணும். சனிக்கிழமை எருதோட வாங்க, எனக்காக. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் வீடு நல்லாத்தானக்கா இருக்கு?" என்றான் எருதுக்காரன் மில்லாலொங்கோ.

"வந்து பாரு. சாப்பாடு என் பொறுப்பு."

பிஸ்கால் கெஞ்சுவதை அதுவரை யாரும் கண்டதில்லை. மறுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை பதினோரு ஜோடி எருதுகள் அவள் வாசலில் நின்றன. அவள் எல்லாரையும் கடலோரப் பாதையில் கூட்டிப்போய் தகோபெர்த்தோ வீட்டு முன்னால் நிறுத்தினாள். அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரு கூப்பிட்டா உங்களை?"

"நான்தான். கெஞ்சினதும் நான், சாப்பாடு போடறதும் நான். இவங்க எனக்காக வந்தவங்க. மேட்டுல உங்க கிழங்குக் கொல்லை சும்மாதானே கிடக்கு? நீங்க அடுப்பை மட்டும் அணைச்சிடுங்க, பெரியவரே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தகோபெர்த்தோ உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

எருதுகளை அதட்டும் வேலையை மில்லாலொங்கோவிடம் விட்டுவிட்டு எதுவீனா கிழங்கு துருவ ஓடினாள். சங்கிலி இறுகியது. ஊரே கத்தியது. திரைச்சீலை ஆட, ஜன்னலில் பூனை உட்கார்ந்திருக்க, வீடு மேட்டில் ஏறிப் போனது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் ஹெர்மினியோ தொப்பியைச் சேற்றில் வீசிவிட்டு, பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் வளர்த்த பன்றியும் குளிர்காலத்துக்கு வைத்திருந்த கிழங்கில் பாதியும் அன்றே தீர்ந்தன. அக்கார்டியன் வாசித்தார்கள், ஆடினார்கள். எதுவீனா கொல்லைப்புறத்தில் அறுபது தட்டுகளோடு தொட்டியின் முன்னே நின்றாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். தோளில் ஒரு துணியோடு தகோபெர்த்தோ.

"எதை முதல்ல துடைக்கணும், பிஸ்கால்?"

இத்தனை மாதத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் ஒரு தட்டை அலசி அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல தட்டு. அப்புறம் உங்க கண்ணு."

அவர் தட்டைத்தான் முதலில் துடைத்தார்.