டைமரைத் திருப்பிய கை

வாழைக் கன்றுகளைக் கண்ணாடிக் குப்பிக்குள் வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘பம்ப் அக்கா’. அவள் பொறுப்பில் இருந்தவை குழாயால் இணைத்த இரட்டைக் குப்பிகள். ஒன்றில் சத்துக் கரைசல், மற்றதில் விரல்நுனி அளவு கன்றுகள். டைமர் முடுக்கியதும் பம்ப் காற்றை ஊதும். கரைசல் கன்றுகளிடம் பாய்ந்து, சில நிமிடம் நனைத்துவிட்டுத் திரும்பிவிடும். மற்ற நேரமெல்லாம் கன்றுகள் காற்றாட நிற்க வேண்டும்.

அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரைசல் வடிந்ததும் அவை பசியோடு நிற்பதாகத் தோன்றும். யாரிடமும் கேட்காமல் நனையும் நேரத்தைக் கூட்டிவைத்தாள். கன்றுகள் தளதளவென்று பருத்தன, இலைகள் கண்ணாடிபோல் மின்னின. மேலாளர் பாராட்டினார்.

மண்ணுக்கு மாற்றியதும் அத்தனையும் துவண்டு விழுந்தன. அவள் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். விரல் நனைந்தது. உள்ளே வெறும் தண்ணீர்.

நாற்றுக்கூடத்தில் கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றுபவன் அவள் கொழுந்தன். அவள் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை அது.

“தண்ணி ஊத்தத் தெரியாதவனை உனக்காகத்தாம்மா வச்சிருக்கேன்,” என்றார் மேலாளர். “அடுத்த தட்டுக் கன்னும் போச்சுன்னா அவனும் போக வேண்டியதுதான்.”

“இன்னொரு தடவை பாருங்க சார்,” என்று கெஞ்சினாள். டைமரைப் பற்றிச் சொல்லவில்லை. சத்தமில்லாமல் டைமரைப் பழையபடி திருப்பிவைத்தாள்.

அடுத்த கன்றுகள் சிறியவை. ஆனால் மண்ணில் நின்றன.

அன்று இரவுச் சாப்பாட்டில் கொழுந்தன் வாயெல்லாம் பல்லாக இருந்தான். “நீங்க மட்டும் பேசலேன்னா என் கதை முடிஞ்சிருக்கும் அண்ணி. இப்பல்லாம் ஸ்பூன்லதான் தண்ணி ஊத்துறேன், மருந்து குடுக்கிற மாதிரி.”

“உன் கை பட்டா கள்ளிச்செடியே வாடிடும்னு பேச்சாமேடா?” என்று அவள் கணவன் சிரித்தான்.

“உண்மைதாண்ணே. என் கை அப்படி.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “உன் கை இல்லப்பா. என் கை.” டைமரைத் திருப்பியதைச் சொல்லி முடித்தாள்.

கொழுந்தன் தட்டைத் தள்ளிவைத்தான். “அப்ப நான் வாங்கின திட்டெல்லாம்?”

“எனக்கு வர வேண்டியது.”

“அதை அங்க வந்து சொல்லுங்க அண்ணி. இங்க சொன்னா சோத்துக்கு மட்டும்தான் கேக்கும்.”

மறுநாள் பம்ப்புகளைப் பார்க்கும் முன்பே மேலாளர் அறைக்குப் போனாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து வெளியே நின்றான். அவள் கதவைச் சாத்தவில்லை.