ராக்குவும் நாலு கினிபிக்கும்

நனைத்த சாக்கின் வாசம்... ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த கால்நடை லேப்பை நினைத்தால் முதலில் வருவது அதுதான். உச்சி வெயிலில் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்போம். கடல் பக்கத்துக் காற்று அதில் பட்டு அறையே குளிரும். உள்ளே சோதனைக்கென்று வளர்த்த கினிபிக்குகள், பெருச்சாளி அளவு சீமை எலிகள், விசில் மாதிரி சன்னமாகக் கத்திக்கொண்டிருக்கும்...

அறுபதுகளின் தொடக்கம். நான் இருபது வயதுப் பெண். கினிபிக்குகளுக்கு அகத்திக்கீரை போடுவதும் காய்ச்சல் பார்ப்பதும் என் வேலை.

ஒருநாள் கமுதிப் பக்கத்திலிருந்து ராக்கு என்ற பெண் தனியாக பஸ் பிடித்து வந்தாள். கையில் ஓலைக்கூடை. அதில் செத்துப் பிறந்த ஆட்டுக்குட்டி.

அவள் மாமனார் வீட்டுச் சினையாடுகள் ஒவ்வொன்றாக, மாதம் நிறையுமுன்னே குட்டி வீசிக்கொண்டிருந்தன. அதே சமயத்தில் அவளுக்கும் கரு கலைந்திருந்தது. அவள் பட்டிக்குள் போனதால்தான் எல்லாம் என்று சொல்லி, பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பேச்சு நடந்ததாம்.

“எம்மேல குத்தமா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்கய்யா,” என்றாள் எங்கள் லேப்பின் டாக்டரிடம்.

ஏதோ வைரஸாக இருக்கலாம், மூன்று வாரம் கழித்து வா என்றார் அவர். என்னிடம் சினையாக இருக்கும் நாலு கினிபிக்கைக் கேட்டார். நான் வளர்த்தவை... கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். செத்த குட்டியின் ஈரலை அரைத்து வடிகட்டி இரண்டுக்கு ஊசி போட்டார். மற்ற இரண்டுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத்தண்ணீர், வேறு அறையில்.

பத்தாம் நாள், ஈரல் ஊசி போட்டதில் ஒன்று குட்டி வீசியது. மறுநாள் இன்னொன்றும். இரண்டும் பிழைக்கவில்லை; குட்டிகளோடு அவற்றை நான்தான் கொண்டுபோய் எரித்தேன். அடுத்த அறையில் மற்ற இரண்டும் நல்லபடியாகக் குட்டி போட்டன.

ராக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். காலிக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லையேக்கா?”

“இல்ல.”

“அப்ப நான் இல்ல...”

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

ஆடுகளுக்கு வந்தது தொற்றுநோய்தான் என்று டாக்டர் முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்தார். பிறகு ஒருமுறை அந்த ஊருக்கு அவரே போய்வந்து, அவள் மாமனார் வீட்டில்தான் இருக்கிறாள், ஆடும் மேய்க்கிறாள் என்றார்.

இப்போது ரத்தம் எடுத்து அனுப்பினால் போனிலேயே ரிப்போர்ட் வருகிறது. நல்லதுதான். அன்று வைரஸ் என்றதை இன்று ஒரு வகை பாக்டீரியா என்கிறார்கள். அது ஆட்டிடமிருந்து கர்ப்பிணிகளுக்கும் தொற்றி, கருவைக் கலைக்கும் என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் படித்தேன்.

அவளால் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகளால்தான் அவளுக்கு ஆகியிருக்குமோ...

இதை அவளிடம் சொல்லலாம் என்றால், அவள் ஊர்ப் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை.