அக்காவின் வில்லும் நான் தடவிய எண்ணெயும்

எங்கள் அக்கா போய் ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. நினைவு மலர் போடுகிறோம், சித்தி நீங்களும் எழுதணும் என்று அக்கா மகள் கேட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். "நீங்க சொல்லுங்க சித்தி, நான் எழுதிக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். இதில் ஒரு விஷயத்தை என் கையால்தான் எழுத வேண்டும். அதனால் நாலு நாளாக உட்கார்ந்து நானே எழுதினேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும்.

அக்கா பிறந்தது பரளச்சியில். எங்கள் ஐயா மானாவாரிக் காட்டில் கொத்தமல்லியும் கம்பும் போடுவார். மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் இரண்டும் பெண்கள்தான். அக்கா எட்டாவது வரை படித்தார்கள். பிறகு அருப்புக்கோட்டையில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார்கள். மிஷின் ஓடும்போதே அறுந்த நூலைப் பிடித்து இணைக்கிற வேலை. கண் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் போகும். அதே மில்லில் இருந்த அத்தானையே கல்யாணம் முடித்தார்கள். மகளுக்குப் பதினாலு வயசு ஆகும்போது அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார்கள். அக்கா காரியம் முடிந்த பத்தாம் நாள் ஷிப்டுக்குப் போனார்கள். மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பேத்தியும் பார்த்தார்கள். இதெல்லாம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுருக்கமாக விடுகிறேன்.

மில்லில் இருந்து நின்ற பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

பேத்தியை வயலின் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். டவுனில் ஒரு கடை மாடியில் சனி, ஞாயிறு நடக்கும். டீச்சர் மதுரையில் இருந்து காரியாபட்டி வழியாக பஸ்ஸில் வருகிற பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். பேத்தியைக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார்ந்து, முடிந்ததும் கூட்டிவருவது அக்கா வேலை. ஆறு மாசத்தில் பேத்திக்கு அலுத்துவிட்டது. இனிமேல் போகமாட்டேன் என்று அழுதாள். அடுத்த சனிக்கிழமை அக்கா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாப்பா வரலையாம்மா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறாள்.

"அவ வரலை. நான் வந்திருக்கேன். எனக்குச் சொல்லிக்குடுங்க."

"உங்களுக்கா?"

"ஏன் டீச்சர், விரலு பத்தும் இருக்கே."

"கீழ சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்காரணும்மா."

"மில்லுல முப்பது வருஷம் நின்னாச்சு. உட்காரத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பதிலுக்காகவே சேர்த்துக்கொண்டேன் என்று டீச்சரே என்னிடம் சொன்னாள். பேத்தியின் வயலின் சின்னது. டீச்சர்தான் மதுரையில் பார்த்துப் பெரியது ஒன்று வாங்கிவந்தாள்.

அக்கா தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வாசிப்பார்கள். ஒரு நாள் விட்டதில்லை. சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கால் கணுவில் ஊன்றி, அடிப்பக்கத்தைத் தோளுக்குக் கீழே அணைத்துக்கொள்வார்கள். முதல் மூன்று மாசம் வில்லை இழுக்கிறது மட்டும்தான். தந்தியில் விரலே வைக்கவில்லை. சத்தம் கிரீச் கிரீச் என்று வரும். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார்கள். "மதினி, அந்தக் கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா?"

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி. ரெண்டு வருஷத்துல சரியாயிரும்" என்பார்கள் அக்கா.

அதேபோல இரண்டு வருஷத்தில் சரியானது. சரளி வரிசை முடிந்து கீதம் முடிந்து ஒரு வர்ணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒரு சுரத்தில் இருந்து இன்னொரு சுரத்துக்கு விரல் தந்தி மேலேயே வழுக்கிப் போகணுமாம். அதற்காக இடது கை விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் எப்போதும் இருக்கும்.

அத்தானின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தனார், வந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான். "பேத்தி எடுத்த வயசுல பிடிலு எதுக்கு மதினி? கச்சேரிக்கா போகப் போறீக?" அக்கா காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் மனசில் இருந்தது. திருச்சுழி கோயில் நவராத்திரியில் டீச்சரின் பிள்ளைகள் வாசிக்கிறதாக ஏற்பாடானபோது, தனக்கும் தனியாகப் பத்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கொழுந்தனார் வீட்டுக்கு நேரில் போய், "குடும்பத்தோட வந்து கேட்டுட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் நான் பாலவனத்தத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். விடியுமுன்னே வாசித்து முடித்துவிட்டு அக்கா குளிக்கப் போயிருந்தார்கள். வயலின் பெட்டி திறந்திருந்தது. வில்லை எடுத்துப் பார்த்தேன். குதிரை வால் முடி என்று அக்கா சொல்லியிருக்கிறார்கள். வறண்டு போய், வெள்ளை வெள்ளையாகத் தூசி படிந்து கிடந்தது. நல்ல நாளும் அதுவுமாக எண்ணெய் காணாத முடியோடு யாராவது கோயிலுக்குப் போவார்களா? என் வீட்டுத் தையல் மிஷின் கிரீச்சென்றாலும் எண்ணெய் விட்டால்தானே சத்தம் போகும். முந்தானையால் அந்தத் தூசியைத் துடைத்தேன். கிண்ணத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பெண்பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி மேல் இருந்து கீழ் வரைக்கும் தடவினேன். பளபளவென்று ஆனது. பெட்டியில் வைத்து மூடினேன். அக்காவுக்கு நல்லது செய்த நினைப்பு எனக்கு.

அந்த வெள்ளைத் தூசி மரப்பிசின் தூள். அது இருந்தால்தான் வில் தந்தியைப் பிடிக்கும், சத்தம் வரும். எண்ணெய் பட்டால் வில் செத்துவிடும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திருச்சுழியில் டீச்சர் தன் வில்லை வைத்தே எல்லா வயலினுக்கும் சுதி சேர்த்தாள். அதனால் யாருக்கும் தெரியவில்லை. அக்கா மேடையில் உட்கார்ந்து, கும்பிட்டு, வில்லை வைத்து இழுத்தார்கள். சத்தம் இல்லை. மறுபடி இழுத்தார்கள். மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மைக்கில் வந்தது. டீச்சர் ஓடிவந்து தன் வில்லைக் கொடுத்தாள். அதில் தொடங்கினார்கள். ஆனால் அதற்குள் பாட்டு மனசில் கலைந்துவிட்டது. இரண்டு வரி வந்தது. அப்புறம் வில் தானாக நின்றது. அக்கா மைக்கில், "இன்னைக்கு ஆகலை. அடுத்த வருஷம் வாசிக்கிறேன்" என்று சொல்லி, கும்பிட்டு இறங்கினார்கள்.

"என்ன மதினி, ஊமைப் பிடிலா?" என்றார் கொழுந்தனார். அவர் கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் வில்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "முடி பூராம் எண்ணெய்ம்மா. எப்படிப் பட்டுச்சு?"

அக்கா தன் இடது கையை விரித்துப் பார்த்தார்கள். "நான்தான் டீச்சர். எண்ணெய்க் கையோட எடுத்திருக்கேன் போல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கைவேலை தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அத்தனை பேர் முன்னால் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டிலும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விரலில் எண்ணெய் தொடவே இல்லை. வில்லுக்கு மதுரையில் புது முடி கட்டிவந்தார்கள். அடுத்த வருஷம் அதே மேடையில் அந்த வர்ணத்தை முழுசாக வாசித்தார்கள். கொழுந்தனார் கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்னும் விளங்கலை மதினி. ஆனா எந்திரிக்கத் தோணலை" என்றார். அதற்குப் பிறகு ஆறு நவராத்திரி வாசித்தார்கள். எல்லாம் காய்ந்த விரலோடு. நம் ஊர் வெயிலில் விரல் நுனி வெடித்து, சில நாள் தந்தியில் ரத்தம் இருக்கும். "கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கோங்களேன்மா" என்று டீச்சர் கெஞ்சுவாள். "வேண்டாம் டீச்சர். என் கையை நம்ப முடியலை" என்பார்கள். முப்பது வருஷம் மில்லில் ஒரு நூலைத் தவறவிடாத கை அது. அதைக் கேட்டும் நான் சும்மா இருந்தேன்.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்துவிட்டார்கள். மதுரையில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் கூடவே இருந்தேன். ஒரு நாள் காலையில், கஞ்சி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு வில்லுல எண்ணெய் உன் கையால படலை. நான்தான் தடவுனேன்."

அக்கா என்னையே பார்த்தார்கள். "தடவுனயா? எப்படி?"

"தலைக்குத் தடவுற மாதிரி."

"இத்தனை வருஷமா சொல்லாம இருந்தயேடி, பாவி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மத்தியானம் வரை மருந்துக்கும் வாய் திறக்கவில்லை. நானும் நகரவில்லை. பிறகு திரும்பாமலே கூப்பிட்டார்கள்.

"ஏ சின்னவளே. அந்தக் கிண்ணம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எண்ணெய் ஊத்திக் கொண்டா."

கொண்டுவந்தேன். இடது கையை நீட்டினார்கள். நாலு விரல் நுனியிலும் நான் தொட்டுவைத்தேன். "உன் கையை நீட்டு" என்றார்கள். என் முழங்கைக்குக் கீழே அந்த நாலு விரலையும் வைத்து, மேலும் கீழும் ஓட்டினார்கள். வர்ணம்தான் என்று நினைக்கிறேன். விரல் எங்கேயும் நிற்காமல் வழுக்கிப் போனது.

"ம். போகுது" என்றார்கள்.

அதற்கு அப்புறம் ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டார்கள்.

பதினாறு நாளும் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அக்காவைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றி இறக்கிய கொழுந்தனார் மகன்களுக்கும், கோயில் காரியக்காரர்களுக்கும், தன் வயசில் இரண்டரை மடங்கு மூத்தவளை ஒரு நாளும் சலிக்காமல் திருத்திய டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

வயலினை டீச்சரிடம் கொடுத்துவிட்டோம். வயசானவர்கள் யாராவது கற்றுக்கொள்ள வந்தால் அவர்கள் எடுத்து வாசிக்கட்டும். பெட்டிக்குள் அந்தக் கிண்ணத்தையும் வைத்திருக்கிறேன். ஒரு சீட்டும் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். "எண்ணெய் இடது கை விரலுக்கு. வில்லுக்கு இல்லை."

இப்படிக்கு,
அக்காவின் தங்கை, பாலவனத்தம்