மனைவி வாங்கித் தந்த புரோகிராமர்

மயிலாப்பூரில் வாஷிங் மெஷின் போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். சிப்புகளில் புரோகிராம் ஏற்றும் 'புரோகிராமர்' கருவி ஒன்றை மனைவி ஆசையாக வாங்கித் தந்தாள். "நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டாள். "சூப்பர்" என்றேன்.

உண்மையில் அதை நம்பவே முடியவில்லை. ஏற்றியாகிவிட்டது என்று காட்டும்; சிப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தால் பாதி தப்பாக இருக்கும். அவள் மனம் நோகுமே என்று சொல்லவில்லை. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் சிப்புகளைக் கடைக்கே எடுத்துப்போய், அங்கேயே வேறொரு கருவியில் ஏற்றித் திரும்பப் படித்து, எல்லாம் சரியாக வந்த பிறகே அதை வாங்கினேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

போன வாரம் அடையாற்றிலிருந்து என் சகலை வந்தார். அவருக்கும் இதே தொழில்.

"உங்க வீட்ல சூப்பர்னு சொன்னாங்கன்னுதான் நானும் அதையே வாங்கினேன். செஞ்சு குடுத்த போர்டெல்லாம் திரும்பி வருது சகலை. உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

காபி கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள்.

"எனக்கும் ஓடல" என்று சொல்லி, என் புதுக் கருவியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் போனதும், "அன்னைக்கே சொல்லியிருந்தா கடையில திருப்பிக் குடுத்திருப்பேனே" என்றாள் மனைவி. அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.